பாதியில் மாற்றிய பிளான்

ஜூலை மாதம், பகல் பன்னிரண்டரை மணி. இங்கிலாந்தின் வடபகுதியில் வருடத்துக்குச் சில நாட்களே கிடைக்கிற சுத்தமான வெயில் வெளியே. உள்ளே எட்டு டியூப் லைட்டுகளும் எரிந்துகொண்டிருந்தன. பதினோரு வருடங்களுக்கு முன்னால் நான் பிளான் வரைந்த ஒரு சின்ன சமூகக்கூடம் அது. வியாழக்கிழமை மதியம் அக்கம்பக்கத்து வயதானவர்கள் வந்து சேர்ந்து சாப்பிடுவார்கள், சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு நடக்கும். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளுக்கு என்னை யாரென்று தெரியாது. அன்பாக உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். இந்த வெயிலில் லைட் எதற்கு என்று கேட்டேன். இங்கே எப்போதும் இப்படித்தான், லைட் போடாவிட்டால் எதிரே இருப்பவர் முகம் தெரியாது என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. மலையடிவாரத்து ஊரில் சீக்கிரம் இருட்டிவிடும் என்று சொல்வது மாதிரி, இயற்கையாக அமைந்துவிட்ட ஒன்றைப் போலச் சொன்னார். அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை.

அது இயற்கை இல்லை, என் பிளான். சாக்கடை இணைப்பு தெற்குப் பக்கம் இருந்ததால் சமையலறை, கழிப்பறை, சாமான் அறை மூன்றையும் தெற்கில் வரிசையாக வைத்தேன். குழாய்ச் செலவு குறையும், பட்ஜெட்டுக்குள் அடங்கும். பேப்பரில் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் வெயில் வரவேண்டிய பக்கம் முழுக்க அடைபட்டுப்போய், கூடத்தின் ஜன்னல்கள் எல்லாம் வடக்கே பக்கத்துக் கிடங்கின் உயரமான சுவரைப் பார்த்து நின்றன. சமையலறைச் சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னல்களுக்கு மேலே வைக்கிற உத்தரத்தின் உயரத்துக்கு, வந்திருந்த ஒரு மதியம், கூடம் வரப்போகிற இடத்தில் நின்றபோது எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பிளானை அப்படியே இடம் மாற்றிப் போட்டிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஆறு வாரமும் கொஞ்சம் பணமும் போயிருக்கும். நான் சொல்லவில்லை. கவுன்சில் அனுமதி வாங்கியாயிற்று, காண்ட்ராக்டர் விலை கொடுத்தாயிற்று, அலுவலகத்தில் நான் சேர்ந்து இரண்டே வருடம். ரிவிஷன் சி என்று, திருத்திய ஒரு டிராயிங்கை எடுத்துக்கொண்டு போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "விடுப்பா, கட்டிடம் இடியாம நிக்குதில்ல?" என்றார். நிற்கிறதுதான். பிளானில் தப்பு செய்ததை நான் மறந்துவிடுவேன், எல்லாரும் செய்வதுதான். தப்பு என்று தெரிந்த பிறகு, சுவர் இன்னும் லிண்டலைத் தாண்டாதபோது, வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேனே, அதைத்தான் மறக்க முடியவில்லை. அந்த வாரக் கடைசியில் லிவர்பூல் பேராலயத்துக்குப் போனேன். வருடத்துக்கு இரண்டு முறையாவது போகிற இடம்தான். இந்த முறை அங்கே நான் பார்த்தது வேறு.

இருபத்திரண்டு வயதுக் கதை

ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் பெயர் தெரியாதவர்கள்கூட அவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். லண்டன் என்றதும் நினைவுக்கு வருகிற சிவப்பு டெலிபோன் கூண்டு அவர் வரைந்தது. பேட்டர்சி மின்நிலையத்தின் செங்கல் வெளித்தோற்றம் அவருடையது. இன்று டேட் மாடர்ன் ஓவியக்கூடமாக இருக்கிற பேங்க்சைடு மின்நிலையம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம், போர்க்காலத்தில் பெண் தொழிலாளர்கள் பெருமளவில் வேலை செய்து கட்டிய வாட்டர்லூ பாலம் எல்லாமே அவர் பெயரில் இருப்பவை. ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது லிவர்பூல் கதைதான்.

1903-ல் லிவர்பூலில் ஆங்கிலிகன் பேராலயம் கட்ட நடந்த போட்டிக்கு 103 பேர் வரைபடம் அனுப்பியிருந்தார்கள். புகழ்பெற்ற ஸ்காட்லாந்து ஆர்க்கிடெக்ட் சார்ல்ஸ் ரென்னி மெக்கின்டாஷ்கூட அனுப்பித் தோற்றிருக்கிறார். ஜெயித்தவருக்கு வயது 22. டெம்பிள் மூர் என்பவரிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த பையன். அதுவரை கட்டிய கட்டிடம் ஒன்றுகூட இல்லை. இதற்கு முன் என்ன வடிவமைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, புகைபிடிக்கும் பைப்புகளை மாட்டி வைக்கிற ஒரு தாங்கி என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. போதாததற்கு அவர் ரோமன் கத்தோலிக்கர். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் தெருவில் அடித்துக்கொண்டிருந்த ஊரில், ஆங்கிலிகன் பேராலயத்துக்குக் கத்தோலிக்க ஆர்க்கிடெக்ட் என்றால் சும்மா இருப்பார்களா? முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் நடுவர்கள் போட்லியும் நார்மன் ஷாவும் அந்த வரைபடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

கேட்கவே நன்றாக இருக்கிற கதை. எங்கள் அலுவலகத்துக்குப் படித்து முடித்து வருகிற பிள்ளைகளிடம் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் ஒருவன் இதைச் செய்தான், நீயும் தைரியமாக வரை என்று. இப்போது யோசித்தால், கதையின் தவறான இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தோன்றுகிறது. இளம் வயதில் போட்டியில் ஜெயிப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இழப்பதற்கு ஒன்றும் கிடையாது. தோற்றாலும் அடுத்த நாள் டெம்பிள் மூரின் அலுவலகத்துக்கு வேலைக்குப் போகலாம். உண்மையாகத் தைரியம் தேவைப்பட்ட நாள் அதற்கு ஆறு வருடம் கழித்து வந்தது. அதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவர் வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் முன்னால் நிற்கும் அந்தப் பிரமாண்டமான ஹோட்டலைக் கட்டியவர். அப்பாவும் நல்ல ஆர்க்கிடெக்ட், ஆனால் மனநலம் குலைந்துபோனவர். ஜைல்ஸுக்கு நான்கு வயது ஆவதற்குள் சட்டப்படி மனநிலை சரியில்லாதவர் என்று அறிவிக்கப்பட்டார். அப்பாவை இரண்டே இரண்டு தடவை பார்த்ததாகத்தான் தனக்கு நினைவு என்று ஜைல்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த அப்பா 1897-ல் இறந்தது, தன் தகப்பனார் கட்டிய அதே செயின்ட் பாங்க்ரஸ் ஹோட்டலின் ஓர் அறையில். பிள்ளைகளை வளர்த்தது அம்மா. சைக்கிளில் ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய தேவாலயங்களைக் காட்டினாராம். அப்படி வளர்ந்த பையன் கையில் நாட்டின் மிகப் பெரிய பேராலயத்தை ஒப்படைத்தபோது, அனுபவசாலி ஒருவர் கூட இருக்கட்டும் என்று குழு நினைத்ததில் தவறில்லை. அதற்காகக் கூட்டு ஆர்க்கிடெக்டாகப் போட்டது நடுவராக இருந்த போட்லியையே. எழுபதைத் தாண்டியவர், தாத்தாவிடம் தொழில் கற்றவர், அப்பாவின் நண்பர். பாசத்தில் குறை இருந்திருக்காது. ஆனால் தொழிலில் பாசம் மட்டும் போதாது. போட்லி அமெரிக்காவில் வேறு இரண்டு பேராலயங்களின் வேலையையும் எடுத்துக்கொண்டார். லிவர்பூலுக்கு வருவது குறைந்தது, முடிவுகள் மட்டும் அவர் கையைத் தாண்டிப் போகவில்லை. ஸ்காட் விலகிவிடும் எண்ணத்துக்கே வந்துவிட்டார். அந்த நேரத்தில், 1907 அக்டோபரில், போட்லி காலமானார்.

1909

1904 ஜூலை 19 அன்று ஏழாம் எட்வர்ட் மன்னர் வந்து அடிக்கல் நாட்டினார். முதலில் எழும்பியது லேடி சேப்பல் என்கிற சிற்றாலயம். அது முடிகிற கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த 1909-ல், ஸ்காட் பேராலயக் குழுவின் முன்னால் ஒரு புதுப் பிளானை வைத்தார். திருத்தம் இல்லை, மொத்தமாகப் புதுசு. போட்டியில் ஜெயித்த வரைபடத்தில் இரண்டு கோபுரங்கள். புதுப் பிளானில் அந்த இரண்டும் கிடையாது. நட்டநடுவே ஒரே ஒரு கோபுரம், அதன் இரு பக்கமும் சிலுவையின் கைகள்போல் குறுக்குக் கூடங்கள் இரட்டை இரட்டையாக, கோபுரத்துக்கு அடியில் ஜனங்கள் கூடுவதற்குப் பரந்த வெளி. மன்னர் கல் நாட்டிய கட்டிடம், ஊர் வியாபாரிகள் பணம் கொடுத்த கட்டிடம், பத்திரிகைகளில் படம் வந்த கட்டிடம், எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, இது சரிவராது, இதைவிட நல்லது இது என்று வந்து நிற்கிறார் இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது ஆள்.

இந்த இடத்தில்தான் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறேன். அந்த அறையை நினைத்துப் பார்க்கிறேன். பெரிய மனிதர்கள், கப்பல் பணம், திருச்சபைக்காரர்கள். அவர்களுக்கு அந்தப் பையன்மேல் ஏற்கெனவே ஆயிரம் சந்தேகம் இருந்திருக்கும். வயது போதாது, அனுபவம் போதாது, சபை வேறு. அந்தச் சந்தேகங்களுக்கு எல்லாம் ஒரே பதிலாக அவர் கையில் இருந்தது போட்டியில் ஜெயித்த அந்த வரைபடம்தான். அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததே அதுதான். அதையே எடுத்து, இது போதாது என்று சொன்னால், அப்புறம் உன்னை எதற்காக நியமித்தோம் என்ற கேள்வி வராதா? என் கூட அலுவலகத்தில் இருந்த யாரும் இந்த அபாயத்தை எடுக்கமாட்டார்கள். நான் எடுக்கவில்லை. எனக்கு இருந்தது எட்டு டியூப் லைட் அளவுள்ள பிரச்சினை, அதற்கே நாக்கு எழவில்லை.

குழு ஆடிப்போனது. ஆனால் அவரைத் துரத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். யோசனையை முழு விவரத்தோடு வரைந்து கொண்டுவாருங்கள், பார்க்கிறோம் என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து வரைந்தார். 1910 நவம்பரில் புதுப் பிளானுக்கு ஒப்புதல் கிடைத்தது. அந்தக் குழுவுக்கும் பாதிப் பெருமை சேரவேண்டும் என்று நினைக்கிறேன். நாம் பாராட்டுவது எப்போதும் வரைகிறவரை. பணம் கொடுத்தவர், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றை மறுபடி மேசையில் விரித்துப் பார்க்கச் சம்மதிப்பது அதைவிட அபூர்வம். என் கூடத்தின் உரிமையாளர்களும் ஒருவேளை அப்படிக் கேட்டிருக்கலாம். கேட்கிற வாய்ப்பையே நான் கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. எதைக் கொடுத்தாலும் மாற்றிக்கொண்டே இருக்கிற ஆர்க்கிடெக்டுகளையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரர்களின் கஷ்டமும் தெரியும். ஸ்காட்டும் அந்த ரகமோ என்று கொஞ்ச நாள் யோசித்தேன். இல்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி லண்டனில் இருக்கிறது. 1941 மே மாதக் குண்டுவீச்சில் நாடாளுமன்றத்தின் மக்கள் சபை மண்டபம் அழிந்தது. திரும்பக் கட்டும் பொறுப்பு ஸ்காட்டுக்கு வந்தது. புது உலகம், புதுப் பாணி என்று எதையாவது அங்கே செய்து பெயர் வாங்கியிருக்கலாம். பழைய மண்டபத்தின் வடிவத்தையே, இருபக்கமும் எதிரெதிரே உட்காரும் அந்த நெருக்கமான அமைப்பையே வைத்துக் கட்டினார். மாற்ற வேண்டியதை மாற்றவும், இருப்பதை இருக்க விடவும் இரண்டுமே தெரிந்த கை அது.

படியேறி மேலே

லேடி சேப்பலுக்குப் பேராலயத்துக்குள்ளிருந்து படியிறங்கித்தான் போகவேண்டும். இறங்குகிற வழியில் உள்ள கண்ணாடி ஜன்னல்களில், சேவை செய்த பெண்களை வரைந்திருக்கிறார்கள். 1832-ல் காலரா பரவியபோது தன் வீட்டுக் கொப்பரையை அக்கம்பக்கத்தார் துணி வெளுக்கக் கொடுத்த கிட்டி வில்கின்சன் என்கிற லிவர்பூல் ஏழைப் பெண் அதில் ஒருவர். எத்தனையோ ராணிகளுக்கு ஜன்னல் இருக்கிற நாட்டில் அவருக்கும் ஒரு ஜன்னல் கிடைத்தது எனக்குப் பிடித்த விஷயம். கீழே போனால் சேப்பல் அழகாக இருக்கிறது. மெல்லிய கல் வேலைப்பாடு, தங்கப் பூச்சில் மின்னும் பீடம், கூரை முழுக்கக் கொடிபோல் பின்னி ஓடும் கல் நரம்புகள். போட்லியின் கை தெரிகிறது. கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் என்கிற பழைய ஐரோப்பியத் தேவாலயப் பாணியை மனப்பாடமாகப் படித்து அட்சரம் பிசகாமல் ஒப்பித்த மாணவனும் தெரிகிறான். முழுப் பேராலயமும் இப்படியே வந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

அப்புறம் படியேறி மேலே வந்து, கோபுரத்துக்கு அடியில் இருக்கிற வெளியில் நின்றேன். அதே சிவப்பு மணற்கல், ஊருக்குப் பக்கத்து வூல்டன் குவாரியிலிருந்து வந்ததுதான். வரைந்ததும் அதே ஆள்தான். ஆனால் மூச்சு வேறு மாதிரி இருக்கிறது. சுவர் சுவராகவே நிற்கிறது, அதன்மேல் எதையும் ஒட்டி வைக்கவில்லை. சிற்பம் எங்கே வேண்டுமோ அங்கே மட்டும், மற்ற இடமெல்லாம் வெறும் கல்லும் நிழலும். தலையைத் தூக்கிக்கொண்டே போனால் கழுத்து வலித்த பிறகும் கூரை வரவில்லை. இருபது பேர் நின்றால் ஒவ்வொருவரும் தனியாக இருக்கலாம், இரண்டாயிரம் பேர் நின்றால் கூட்டமாக இருக்கலாம். இந்த வெளி 1903 வரைபடத்தில் கிடையாது. கீழே சேப்பலில் நிற்கும்போது அவர் என்ன கற்றார் என்று தெரிகிறது, மேலே வந்து நிற்கும்போது எதைக் கைவிட்டார் என்று தெரிகிறது. நடுவில் இருப்பது ஒரு படிக்கட்டுதான். அந்தப் படிக்கட்டில் ஏறும்போது ஒரு மனிதன் மனம் மாறியதைக் காலாலேயே உணரலாம்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. வழக்கமாக இந்த மாதிரித் தேவாலயங்கள் கிழக்கு மேற்காக நிற்கும். இது நிற்கிற செயின்ட் ஜேம்ஸ் மேடு நீளவாக்கில் வடக்கு தெற்காக இருப்பதால் இந்தப் பேராலயமும் வடக்கு தெற்காகவே படுத்திருக்கிறது. மேற்கு வாசல் என்று அவர்கள் சொல்வது திசைகாட்டியில் மேற்கு இல்லை. அதனால் 189 மீட்டர் நீளமுள்ள கட்டிடத்தின் இரண்டு நீண்ட பக்கங்களும் காலை வெயிலையும் மாலை வெயிலையும் வாங்குகின்றன. நான் நின்ற நேரம் மாலை ஐந்தரை. உயர ஜன்னல் வழியாக விழுந்த வெயில் எதிர்ச்சுவரின் சிவப்புக் கல்லில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. என் கூடத்தில் எரிகிற டியூப் லைட்டுகளை நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

நவீனப் பாணியை விரும்புகிற நண்பர்கள் சிலர் ஸ்காட்டைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிப்பார்கள். ஐரோப்பாவே கண்ணாடிக்கும் கான்கிரீட்டுக்கும் போனபோது இவர் இருபதாம் நூற்றாண்டில் கோதிக் கட்டிக்கொண்டிருந்தாரே என்பார்கள். முன்பு எனக்கும் பதில் இருக்காது. பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்டுகளின் சங்கத்துக்கு 1933-ல் தலைவரானபோது பழசுக்கும் புதுசுக்கும் நடுவே ஒரு வழியைத்தான் அவர் பேசினார். இரண்டு தரப்புக்கும் அது முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனால் பேட்டர்சியில் ஒரு மின்நிலையத்தின் செங்கல் சுவருக்கும் பேராலயச் சுவருக்குக் கொடுத்த மரியாதையைக் கொடுத்தவர் அவர். டெலிபோன் கூண்டுக்கு வெளியே வெள்ளி நிறமும் உள்ளே பச்சை கலந்த நீலமும் வேண்டும் என்றுதான் கேட்டார், தபால் துறை சிவப்பு அடித்துவிட்டது. உலகம் அவரை அடையாளம் காண்பது அவர் கேட்காத நிறத்தில். அதற்காக அவர் கூண்டை வரைவதை நிறுத்தவில்லை. அடுத்தடுத்து மாடல்களைச் செய்து, 1935-ல் சின்னதாக, மலிவாக, கிராமம் வரைக்கும் போகிற மாதிரி இன்னொன்றை வரைந்துகொடுத்தார்.

பேராலயத்தை அவர் முடித்துப் பார்க்கவில்லை. இரண்டு போர்கள் குறுக்கே வந்தன. இரண்டாம் போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1942 பிப்ரவரியில், கோபுரத்தின் உச்சியில் கடைசிக் கல்லை அவரே வைத்தார். 101 மீட்டர் உயரத்தில், குண்டு விழுந்து சிதைந்த துறைமுக ஊரைப் பார்த்தபடி. கடைசி வரைக்கும் வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். 1960-ல் காலமானார். கட்டிடம் முடிந்தது 1978-ல், அடிக்கல் நாட்டி 74 வருடம் கழித்து. கத்தோலிக்கர் என்பதால் தான் கட்டிய ஆங்கிலிகன் பேராலயத்துக்குள் அவருக்கு இடம் இல்லை. மேற்கு வாசலுக்கு வெளியே, மனைவி லூயிஸுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். லூயிஸ் இந்த ஊர் அடெல்ஃபி ஹோட்டலில் வரவேற்பாளராக இருந்த புராட்டஸ்டன்டுப் பெண். அவரைக் கல்யாணம் செய்தது ஸ்காட்டின் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் வருத்தம் வரவில்லை. கட்டிடத்துக்குள் போகிற ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

திரும்பி வந்த ரயிலில் பை ஓரத்தில் இருந்த நோட்டை எடுத்து, நினைவிலிருந்து கூடத்தின் குறுக்குவெட்டை வரைந்தேன். சமையலறைக் கூரை தாழ்வானது. அதற்கு மேலே கூடத்தின் தெற்குச் சுவர் இரண்டேகால் அடி வெறுமனே நிற்கிறது. அங்கே நீளமாக நான்கு ஜன்னல் உடைக்கலாம். மேலே ஒரு இரும்புப் பீம் வேண்டும், கூரை ஓட்டைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும், மழைநீர்க் காவாயை இடம் மாற்ற வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் மாற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அதிகம்தான். ஆனால் பகல் பன்னிரண்டரைக்கு வெயில் தரையின் பாதிவரை வந்து விழும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

போன வாரம் அந்த டிராயிங்கை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். அந்த அம்மாளிடம் முதலில் நான் யார் என்று சொன்னேன். சமையலறையை ஏன் தெற்கில் வைத்தேன், எப்போது எனக்குத் தப்பு என்று தெரிந்தது, ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று வரிசையாகச் சொன்னேன். டிராயிங்குக்கும் மேற்பார்வைக்கும் பணம் வேண்டாம் என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஜன்னலைத் துடைக்க அவ்வளவு உயரம் யார் ஏறுவது என்று கேட்டார். நான் யோசித்திராத கேள்வி. அவர் எதிரிலேயே உட்கார்ந்து, உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி, கீழேயிருந்து கம்பியால் இழுக்கிற மாதிரி மாற்றி வரைந்தேன். செப்டம்பர் கமிட்டிக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லி, தாளை மடித்துச் சமையலறை அலமாரியில் டீத்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்தார்.